பத்து நிமிட ஆட்டங்களில் அடிப்படை ஜெர்மன்: முழுமையான வழிகாட்டி

மேசைமேல் ஒரு கரண்டி, ஒரு முள்கரண்டி, ஒரு கத்தி எடுத்து வையுங்கள். ஜெர்மன் மொழியில் கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டிலும் சேராதது. டேர் லொஃபல், டீ காபல், டஸ் மெஸ்ஸர்: முன்னால் நிற்கும் சிறு சொல்தான் பாலைக் காட்டும். தமிழில் உயிரற்ற பொருள் எல்லாம் அஃறிணை, அதைப் பற்றி நாம் யோசிப்பதே இல்லை. அதனால் ஜெர்மன் படிக்க வரும் தமிழர்கள் எல்லோரும் முதல் வாரத்திலேயே முட்டிக்கொள்ளும் இடம் இது.

இப்போது மூன்றையும் மூன்று முறை வாய்விட்டுச் சொல்லுங்கள். மேலே ஒரு துணியைப் போட்டு மூடுங்கள். கூட இருப்பவர் நீங்கள் பார்க்காதபோது ஒன்றை எடுத்து ஒளித்துவிட்டுத் துணியை விலக்கி, "வஸ் ஃபேல்ட்?" என்று கேட்கட்டும். எது குறைகிறது என்று அர்த்தம். "டேர் லொஃபல் ஃபேல்ட்" என்று நீங்கள் சொல்ல வேண்டும். வெறும் "லொஃபல்" என்றால் புள்ளி கிடையாது. ஐந்து நிமிடம் ஆடினால் போதும், கரண்டி ஆண்பால் என்பது மறக்காது.

இந்தச் சின்ன ஆட்டத்தில் நான் சொல்ல வருவது முழுக்க இருக்கிறது. ஒரு சொல்லைப் பார்த்து 'தெரியும்' என்று தலையாட்டுவது வேறு, தேவைப்படும் நொடியில் அது வாயில் வந்து நிற்பது வேறு. படத்தையும் சொல்லையும் கோடு போட்டு இணைக்கும் ஆட்டம் முதலாவதைத்தான் பழக்கும். நமக்குத் தேவை இரண்டாவது. அதனால் இங்கே நான் சொல்லும் ஆட்டம் ஒவ்வொன்றிலும் வாய் திறந்தே ஆக வேண்டும்.

தொடங்கும் முன்

எவ்வளவு படித்தால் 'அடிப்படை' ஆகும்? ஜெர்மன் மொழியைக் கற்பித்துத் தேர்வு நடத்தும் கோதே நிறுவனத்தின் தொடக்க நிலைத் தேர்வான ஏ1-க்கு அவர்கள் வெளியிடும் சொல் பட்டியலில் ஏறத்தாழ 650 சொற்கள் இருக்கின்றன. அந்தப் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தேர்வு எழுதாவிட்டாலும் அதையே உங்கள் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்குப் பத்துப் புதுச் சொல் என்றால் இரண்டு மாதத்தில் ஒரு சுற்று வந்துவிடலாம்.

பொருட்கள் அதிகம் வேண்டாம். வெற்று அட்டைகள், ஒரு தாயக்கட்டை (ஆறு முகம் உள்ளது), நீலம் சிவப்பு பச்சை என்று மூன்று பேனா, ஒரு நோட்டு.

இங்கே ஜெர்மன் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், படிக்க வசதியாக இருக்கும் என்பதற்காக. உங்கள் அட்டையில் மட்டும் தமிழில் எழுதாதீர்கள். காரணம் இருக்கிறது. 'டேர் டிஷ்' என்றால் மேசை. 'டேர்' என்பதில் உள்ள ட, 'வண்டி'யில் வருவதுபோல் மெலிந்து ஒலிக்கும். 'டிஷ்' என்பதில் உள்ளது 'பட்டு'வில் வருவதுபோல் வலித்து ஒலிக்கும். நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ட. ககரம், பகரத்துக்கும் இதே கதைதான். 'காபல்' என்பதன் முதல் எழுத்து 'தங்கம்' என்பதில் வரும் க. எனவே அட்டையில் ஜெர்மன் எழுத்து, காதில் ஜெர்மன் ஒலி என்றே பழகுங்கள். டூடன் இணைய அகராதியில் பல சொற்களுக்குப் பக்கத்தில் ஒலிக்குறி இருக்கும், அழுத்தினால் உச்சரிப்பு கேட்கலாம்.

முதல் படி: ஆட்டத்துக்கான பேச்சு

சொற்பட்டியலைத் தொடுவதற்கு முன் இந்த எட்டு வாசகங்களை ஒரு தாளில் எழுதி நடுவில் வையுங்கள். ஆட்டம் நடக்கும்போது இவற்றுக்குப் பதிலாக வேறு மொழியில் பேசினால் ஒரு புள்ளி போகும்.

"இஹ் பின் ட்ரான்" என்றால் என் முறை. "டூ பிஸ்ட் ட்ரான்", உன் முறை. "ரிஹ்டிஹ்", சரி. "ஃபல்ஷ்", தப்பு. "நொஃ மால்", இன்னொரு தடவை. "வீ பிட்டெ?", என்ன சொன்னீர்கள்? "ஷாடெ!", அடடா. "கெவொன்னன்!", ஜெயித்தாச்சு.

இவற்றை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆட்டத்தில் தோற்கப் போகிறவர் "ஷாடெ!" என்று சொல்லும்போது உண்மையாகவே வருத்தத்தோடு சொல்கிறார். அப்படி மனசோடு சேர்ந்து வரும் சொல் தங்கிவிடும். லூடோ போன்ற ஒரு பலகை ஆட்டம் ஜெர்மனியில் வீட்டுக்கு வீடு இருக்கும். 'மென்ஷ் எர்கெரெ டிஹ் நிஹ்ட்' என்று பெயர், 'மனிதா, கோபப்படாதே' என்று பொருள். 1914-இல் பெரிய அளவில் தயாரிக்கத் தொடங்கிய அந்த ஆட்டத்தின் வேர் இந்தியப் பச்சீசியில்தான் இருக்கிறது. வீட்டில் லூடோ இருந்தால் காயை நகர்த்தும் கட்டங்களை ஜெர்மனில் எண்ணிக்கொண்டே நகர்த்துங்கள். முதல் நாள் ஒன்றிலிருந்து ஆறு வரை அதிலேயே வந்துவிடும்: ஐன்ஸ், ட்ஸ்வை, ட்ரை, ஃபீர், ஃப்யுன்ஃப், ஸெக்ஸ்.

இரண்டாம் படி: ஒரு மாத்திரை, இரண்டு மாத்திரை

உச்சரிப்பில் தமிழருக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதே இல்லை. ஜெர்மனில் குறில் நெடில் மாறினால் பொருள் மாறும். அ-ஆ, எ-ஏ, ஒ-ஓ என்ற வேறுபாடு நமக்கு எழுத்திலேயே இருக்கிறது. எ-ஏ, ஒ-ஓ இரண்டையும் பிரிக்காத மொழிக்காரர்கள் திணறும் இடத்தில் நாம் நிதானமாக நடக்கலாம்.

ஷ்டட் என்றால் நகரம், ஷ்டாட் என்றால் அரசு. பெட் என்றால் கட்டில், பேட் என்றால் தோட்டப் பாத்தி. ஒஃபன் என்றால் திறந்திருக்கிறது, ஓஃபன் என்றால் அடுப்பு. ஷிஃப் கப்பல், ஷீஃப் கோணல்.

ஆட்டம் இதுதான். ஒருவர் இந்த ஜோடிகளில் ஒரு சொல்லைச் சொல்வார். குறில் கேட்டால் மற்றவர் ஒரு விரலும் நெடில் கேட்டால் இரண்டு விரலும் நீட்ட வேண்டும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று பள்ளியில் படித்ததுதான். விரல் நீட்டியபின் பொருளையும் சொன்னால் முழுப் புள்ளி. எழுத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கவும் ஒரு வழி உண்டு: உயிரெழுத்துக்குப் பின் ஒரே மெய் இரட்டித்து வந்தால் குறில், உயிரெழுத்தே இரட்டித்தாலோ அதன்பின் ஹகர எழுத்து ஒலியில்லாமல் நின்றாலோ நெடில்.

நம்மிடம் இல்லாத ஒலிகள் நான்கு. தலையில் இரண்டு புள்ளி வைத்த உகரத்துக்கு, 'ஈ' என்று இழுத்துக்கொண்டே நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் 'ஊ' சொல்வதுபோல் குவியுங்கள். நான் 'யு' என்று எழுதுவது அதைத்தான். இரண்டு புள்ளி வைத்த ஒகரத்துக்கு, 'ஏ' சொல்லிக்கொண்டே உதட்டை 'ஓ'வுக்குக் குவியுங்கள். கண்ணாடி முன் நின்று செய்தால் உதடு நழுவுவது தெரியும். அப்புறம் 'இஹ்' என்பதன் கடைசி ஒலி: 'ய்' சொல்ல நாக்கை வைத்துக்கொண்டு குரல் இல்லாமல் காற்றை மட்டும் விடுங்கள். அ, ஒ, உ ஒலிகளுக்குப் பின் இதே எழுத்து தொண்டைக்கு இறங்கி, கரகரவென்று வரும். 'அஃது' என்பதில் ஆய்தத்தை அழுத்தமாகச் சொன்னால் கிட்டத்தட்ட அதே இடம். புத்தகத்துக்கான சொல்லை 'பூஃ' என்று எழுதுவது அதனால்தான்.

மூன்றாம் படி: மூன்று நிறம், மூன்று சுவர்

ஆண்பாலுக்கு நீலம், பெண்பாலுக்குச் சிவப்பு, அஃறிணைக்குப் பச்சை. ஜெர்மன் பாடநூல்கள் பலவற்றில் காணும் வழக்கம் இது, நாமும் வைத்துக்கொள்வோம். அட்டையின் ஒரு பக்கம் படம், மறுபக்கம் அந்த நிறத்தில் சொல். டேர், டீ, டஸ் இல்லாமல் ஒரு பெயர்ச்சொல்லைக்கூட எழுதாதீர்கள். பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் 650 சொல்லையும் இரண்டாம் முறை படிக்க வேண்டியிருக்கும்.

அறையின் இடச் சுவர் டேர், வலச் சுவர் டீ, எதிர்ச் சுவர் டஸ். ஒருவர் படத்தைக் காட்டுவார். நீங்கள் சரியான சுவரைத் தொட்டபடி சொல்லை முழுதாகச் சொல்ல வேண்டும். எழுந்து நடந்து கையால் தொடுவது சிறுவர் விளையாட்டு மாதிரி தெரியும். ஆனால் பத்து நாள் கழித்து 'டீ லம்பெ' என்று விளக்கின் பெயரை நினைக்கும்போது உடம்பே வலப்பக்கம் திரும்பப் பார்க்கும். உட்கார்ந்த இடத்தில் ஆடினால் சுவருக்குப் பதில் இடக்கை, வலக்கை, கைதட்டல் என்று வைத்துக்கொள்ளலாம்.

எந்தச் சொல் எந்தப் பால் என்பதற்குக் காரணமே கிடையாது என்று தோன்றும், அது முழுக்கச் சரியல்ல. சில ஈறுகள் பாலைக் காட்டிக்கொடுக்கும். 'உங்', 'ஹைட்', 'கைட்', 'ஷஃப்ட்' என்று முடிந்தால் பெண்பால். 'ஹென்', 'லைன்' என்று சிறுமைப்படுத்தும் ஈறு வந்தால் டஸ். சிறுமி என்பதற்கான 'மெட்ஹென்' டஸ் ஆனது இப்படித்தான், பெண் பிள்ளையைப் பெண்பாலில் சேர்க்காத மொழியா என்று கோபப்பட வேண்டாம். கிழமை, மாதம், பருவம் எல்லாம் டேர். ஈற்றைப் பார்த்து ஊகிக்கும் அட்டைகளை ஒரு தனிக் கட்டாக வைத்து, வேகமாக ஆடுங்கள், ஒரு அட்டைக்கு இரண்டு நொடி.

ஆடி முடித்த அட்டைகளை என்ன செய்வது? செபஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன்மொழி எழுத்தாளர் 1970-களில் பிரபலமாக்கிய பெட்டி முறையே இன்றுவரை எளிது. ஐந்து அறை உள்ள பெட்டி. புதிய அட்டை முதல் அறையில் இருக்கும். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும், தப்பினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும் எடுங்கள், இரண்டாவதை இரண்டு நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை, மற்றவற்றை இன்னும் இடைவெளி விட்டு. அட்டைச் செயலிகள் பல செய்வதும் இதே வேலைதான். செயலி பயன்படுத்தினாலும் விடையைப் புரட்டும் முன் வாய்விட்டுச் சொல்லும் பழக்கத்தை விடாதீர்கள்.

நான்காம் படி: எண்கள் பின்னாலிருந்து

இருபத்தொன்று என்று நாம் பெரிய எண்ணிலிருந்து இறங்குவோம். ஜெர்மனில் 'ஒன்றும் இருபதும்': ஐன்-உன்ட்-ட்ஸ்வன்ட்ஸிஹ். 21-லிருந்து 99 வரை இப்படித்தான். 56 என்பது ஸெக்ஸ்-உன்ட்-ஃப்யுன்ஃப்ட்ஸிஹ், ஆறும் ஐம்பதும். காதில் ஆறு முதலில் விழுந்ததும் கை 6 எழுதிவிடும், முடிவில் தாளில் 65 இருக்கும். நானும் நீண்ட நாள் இப்படியே எழுதிக்கொண்டிருந்தேன். முழு எண்ணும் காதில் விழும்வரை பேனாவைத் தாளில் வைப்பதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொண்ட பிறகுதான் சரியானது.

ஆட்டத்திலும் அதுவே விதி. ஒருவர் இரண்டு இரண்டு இலக்கமாக ஒரு கற்பனைத் தொலைபேசி எண்ணைச் சொல்ல, மற்றவர் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டு, பிறகு எழுத வேண்டும். மூன்று சுற்று போதும். 2, 3 இரண்டும் ட்ஸ்வை, ட்ரை என்று ஒன்றுபோல் ஒலிப்பதால், தொலைபேசியில் ஜெர்மானியர்களே 2-ஐ 'ட்ஸ்வோ' என்று சொல்வார்கள். நீங்களும் சொல்லலாம். 16, 17 இரண்டும் சுருங்கி வரும் என்பதையும் கவனியுங்கள்: ஸெஹ்ட்ஸேன், ஸீப்ட்ஸேன்.

இன்னொரு ஆட்டம், பயணத்தில் ஆடலாம். ஆளுக்கொரு எண்ணாக எண்ணிக்கொண்டே போகவேண்டும். ஏழின் மடங்கும் ஏழு வரும் எண்ணும் வந்தால் 'பும்' என்று சொல்ல வேண்டும். 27-இல் எல்லோரும் மாட்டுவார்கள், ஏனென்றால் அங்கே ஏழுதான் முதலில் வாயில் வரும்.

கடிகாரத்தில் ஒரே ஒரு பொறி. 'ஹல்ப் ட்ரை' என்றால் மூன்றரை இல்லை, இரண்டரை. மூன்றை நோக்கிப் பாதி வழி வந்தாயிற்று என்ற கணக்கு. அரை மணிகளை மட்டும் அட்டையில் வரைந்து பன்னிரண்டையும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

எழுத்துகளின் பெயரையும் இங்கேயே முடித்துவிடலாம். ஆங்கிலத்தில் 'ஈ' என்று அழைக்கும் எழுத்துக்கு ஜெர்மனில் பெயர் 'ஏ', ஆங்கிலத்தில் 'ஐ' என்பது ஜெர்மனில் 'ஈ', ஆங்கிலத்தில் 'ஏ' என்பது ஜெர்மனில் 'ஆ'. 'ஜே' இங்கே 'யொட்'. உங்கள் பெயர், கூட ஆடுபவர் பெயர், இருவருக்கும் தெரிந்த பத்துப் பேர் பெயர் என்று எழுத்துக் கூட்டி, யார் பெயர் என்று கண்டுபிடியுங்கள். நம் பெயர்கள் ஜெர்மானியர்களுக்குப் புதியவை என்பதால் அங்கே எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டிய தேவை அடிக்கடி வரும். ஏ1 வாய்மொழித் தேர்வில் ஒரு சொல்லை எழுத்துக் கூட்டச் சொல்வார்கள், ஒரு எண்ணையும் சொல்லச் சொல்வார்கள்.

ஐந்தாம் படி: பெட்டி கட்டும் ஆட்டம்

ஜெர்மன் பிள்ளைகள் பயணத்தில் ஆடும் இந்த ஆட்டத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். முதல் ஆள் சொல்கிறார்: "இஹ் பக்கெ மைனன் கொஃபர் உன்ட் நேமெ மிட்: ஐனெ ஹோஸெ." என் பெட்டியைக் கட்டுகிறேன், ஒரு காற்சட்டையை எடுத்துக்கொள்கிறேன். அடுத்தவர் அதை அப்படியே சொல்லி, ஒரு பொருளைச் சேர்க்கிறார்: "ஐனெ ஹோஸெ உன்ட் ஐன் பூஃ." அடுத்தவர் மூன்றாவது: "ஐனெ ஹோஸெ, ஐன் பூஃ உன்ட் ஐனன் மன்டல்." வரிசையை மறந்தவர் வெளியே.

கவனித்தீர்களா? காற்சட்டைக்கு ஐனெ, புத்தகத்துக்கு ஐன், மேலங்கிக்கு ஐனன். எடுத்துக்கொள்ளும் பொருள் என்பதால் இது செயப்படுபொருள், நம் கணக்கில் இரண்டாம் வேற்றுமை. தமிழில் ஐ உருபு பெயரின் கடைசியில் ஒட்டும், ஜெர்மனில் மாற்றம் பெயருக்கு முன்னால் நிற்கும் சிறு சொல்லில் நடக்கும். மாறுவதும் ஆண்பால் மட்டும்: டேர் என்பது டேன் ஆகும், ஐன் என்பது ஐனன் ஆகும். பெண்பாலும் அஃறிணையும் அப்படியே இருக்கும். பக்கம் பக்கமாக அட்டவணை போட்டு விளக்கும் இந்த இலக்கணம், ஆட்டத்தில் எட்டாவது பொருள் வருவதற்குள் நாக்கில் ஏறிவிடுகிறது. ஏனென்றால் ஒவ்வொரு சுற்றிலும் முதலில் சொன்ன 'ஐனெ ஹோஸெ' திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொருவர் காதிலும் அது பல முறை விழுகிறது.

தொடங்க ஒன்பது பொருள் தருகிறேன். ஐனனில் மூன்று: மன்டல், ஷ்ல்யுஸ்ஸல் (சாவி), ரேகன்ஷிர்ம் (குடை). ஐனெவில் மூன்று: ஹோஸெ, ப்ரில்லெ (மூக்குக்கண்ணாடி), ட்ஸான்ப்யுர்ஸ்டெ (பல் துலக்கி). ஐனில் மூன்று: பூஃ, ஹெம்ட் (சட்டை), ஹன்ட்டூஃ (துண்டு). முதல் வாரம் இந்த ஒன்பதுக்குள்ளேயே ஆடுங்கள். பிறகு பெட்டிக்குப் பதில் சாப்பாட்டு மேசை, வீட்டுச் சாமான் என்று மாற்றுங்கள். தப்பாக ஐனன் போட்டால் ஆளை வெளியேற்றாதீர்கள், "ஃபல்ஷ், நொஃ மால்" என்று சொல்லித் திருத்தச் சொல்லுங்கள். வரிசை மறந்தால் மட்டும் வெளியேற்றம். பயந்து பேசுகிறவர் வாய் திறக்க மாட்டார்.

தனியாகப் படிப்பவர்களும் ஆடலாம். நடக்கும்போது நீங்களே ஒன்றொன்றாகச் சேர்த்துக்கொண்டே போங்கள், பன்னிரண்டைத் தாண்டினால் பெரிய விஷயம்.

ஆறாம் படி: தாயக்கட்டையில் வினைச்சொல்

ஆறு முகம், ஆறு இடம். 1 விழுந்தால் இஹ் (நான்), 2 டூ (நீ), 3 ஏர் அல்லது ஸீ (அவன், அவள்), 4 வீர் (நாம்), 5 ஈர் (நீ பன்மையில், நெருங்கியவர்களிடம்), 6 ஸீ (அவர்கள், நீங்கள்). நீ-நீங்கள் வேறுபாடு நமக்கு இரத்தத்திலேயே இருப்பதால் டூ-ஸீ பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். தெரியாதவரிடம், கடையில், அலுவலகத்தில் ஸீ.

ஒரு வினையை எடுத்து உருட்டுங்கள். வா என்பதற்கு: இஹ் கொம்மெ, டூ கொம்ஸ்ட், ஏர் கொம்ட், வீர் கொம்மன், ஈர் கொம்ட், ஸீ கொம்மன். வருகிறேன், வருகிறாய், வருகிறான் என்று நாமும் ஈற்றை மாற்றுகிறோம் என்பதால் இதன் தர்க்கம் உடனே புரியும். முதல் நாள் கொம்மன், வோனன் (வசி), லெர்னன் (கற்றுக்கொள்), மஹன் (செய்) ஆகிய ஒழுங்கான நான்கு மட்டும். இரண்டாம் நாள் 'இரு' என்ற ஸைன்: பின், பிஸ்ட், இஸ்ட், ஸின்ட், ஸைட், ஸின்ட். இதை மட்டும் உருட்டி உருட்டித்தான் ஏற்ற வேண்டும்.

அப்புறம் ஒரு படி மேலே. சொற்களைத் தனித்தனி அட்டையில் எழுதி வரிசையாக வையுங்கள்: இஹ், லெர்னெ, ஹொய்ட்டெ (இன்று), டொய்ச் (ஜெர்மன்). வினை அட்டையை இரண்டாம் இடத்தில் ஒட்டிவிடுங்கள், அது நகரக் கூடாது. மற்ற மூன்றையும் மாற்றி மாற்றி வைத்துப் படியுங்கள். "இஹ் லெர்னெ ஹொய்ட்டெ டொய்ச்." "ஹொய்ட்டெ லெர்னெ இஹ் டொய்ச்." தமிழ் நாக்குக்கு வினையைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு போகும் பழக்கம். "இஹ் ஹொய்ட்டெ டொய்ச் லெர்னெ" என்று நம்மவர்கள் சொல்வது அதனால்தான். ஒட்டிய அட்டை கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் அந்தப் பழக்கம் மெதுவாக மாறும்.

ஏழாம் படி: 'எனக்கு' எங்கே, 'நான்' எங்கே

வாசகங்கள் பகுதியில் நமக்கு இன்னொரு சாதகம் இருக்கிறது. எனக்குக் குளிர்கிறது என்று சொல்கிறோம், ஜெர்மானியரும் "மீர் இஸ்ட் கல்ட்" என்கிறார். மீர் என்றால் எனக்கு. எனக்கு இது பிடித்திருக்கிறது: "டஸ் கெஃபெல்ட் மீர்." எனக்கு ருசியாக இருக்கிறது: "டஸ் ஷ்மெக்ட் மீர்." உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று நலம் விசாரிப்பதுகூட அப்படித்தான்: "வீ கேட் எஸ் ஈனன்?" பதில்: "எஸ் கேட் மீர் கூட்." ஆங்கிலம் வழியாகப் போகிறவர்கள் "இஹ் பின் கல்ட்" என்று சொல்லி, மனதில் ஈரமில்லாதவர் என்ற தொனியை வாங்கிக்கொள்வார்கள். தமிழிலிருந்து நேராகப் போனால் அந்தத் தப்பு வராது.

ஆனால் எல்லா 'எனக்கு'வும் மீர் ஆகாது. எனக்குப் பசிக்கிறது என்பது "இஹ் ஹாபெ ஹுங்கர்", எனக்குத் தாகம் என்பது "இஹ் ஹாபெ டுர்ஸ்ட்", எனக்கு வேண்டும் என்பது "இஹ் ம்யொஹ்டெ". ஆட்டம்: ஒருவர் தமிழில் 'எனக்கு' என்று தொடங்கும் வாக்கியத்தைச் சொல்வார், மற்றவர் மூன்று நொடிக்குள் மீர் அல்லது இஹ் என்று தொடங்கி முழு வாக்கியமும் சொல்ல வேண்டும்.

இதற்கு அடுத்தது தேர்வையே ஆட்டமாக்குவது. ஏ1 வாய்மொழித் தேர்வு சில பேர் சேர்ந்து உட்கார்ந்து அட்டை எடுத்துப் பேசுவதுதான். மூன்று சுற்று. முதலில் பெயர், வயது, நாடு, வசிக்கும் ஊர், மொழிகள், தொழில், பொழுதுபோக்கு என்ற குறிப்புகளைக் கொண்டு தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது. இரண்டாவதில் ஒரு தலைப்பும் அதன் கீழ் ஒரு சொல்லும் உள்ள அட்டை வரும், அந்தச் சொல்லை வைத்துப் பக்கத்தில் இருப்பவரிடம் கேள்வி கேட்க வேண்டும். மூன்றாவதில் பட அட்டை, அதை வைத்து ஒரு வேண்டுகோள் வைக்க வேண்டும், மற்றவர் பதில் சொல்ல வேண்டும்.

தண்ணீர்க் குவளை படம் வந்தால்: "கொன்னன் ஸீ மீர் பிட்டெ ஐன் க்ளாஸ் வஸ்ஸர் கேபன்?" தயவுசெய்து எனக்கு ஒரு குவளை தண்ணீர் கொடுக்க முடியுமா? கொடு என்ற வினை இங்கே கடைசிக்குப் போய்விட்டதைப் பாருங்கள், நமக்குப் பழகிய இடம். 'பிட்டெ' என்ற ஒரே சொல் தயவுசெய்து, பரவாயில்லை, இந்தாருங்கள் என்ற மூன்றுக்கும் வரும். குவளையை நீட்டுகிறவரும் "பிட்டெ" என்பார், நீங்கள் "டங்கெ" என்றதும் மறுபடி "பிட்டெ" என்பார். முப்பது பட அட்டை நீங்களே வரைந்துகொள்ளுங்கள், பேனா, ஜன்னல், கதவு, விளக்கு, சாவி, குடை. படம் சுமாராக இருந்தால் போதும்.

மாட்டிக்கொண்டால் தப்பிக்கும் வாசகங்கள் மூன்று எப்போதும் கையில் இருக்கட்டும். "நொஃ ஐன்மால் பிட்டெ", இன்னொரு முறை சொல்லுங்கள். "லங்ஸாமர் பிட்டெ", மெதுவாகச் சொல்லுங்கள். "வீ ஹைஸ்ட் டஸ் அவ்ஃப் டொய்ச்?", இதற்கு ஜெர்மனில் என்ன பெயர்? மூன்றாவதைச் சொல்லி ஒரு பொருளைத் தொட்டுக் காட்டுவதே ஒரு முழு ஆட்டம்.

எட்டாம் படி: ஒட்டுச் சொற்களும் இரட்டைப் பொருளும்

கை உறை சேர்ந்து கையுறை. ஜெர்மனில் 'ஹன்ட்-ஷூ', கைக்கான செருப்பு. பல்லும் மருத்துவரும் சேர்ந்து 'ட்ஸான்-ஆர்ட்ஸ்ட்', குளிரும் அலமாரியும் சேர்ந்து 'க்யூல்-ஷ்ரங்க்', நோயாளிகளும் வீடும் சேர்ந்து 'க்ரங்கன்-ஹவ்ஸ்', மருத்துவமனை. பாதிச் சொற்களை ஒரு கட்டிலும் மறுபாதியை இன்னொரு கட்டிலும் வைத்து, இரண்டிலிருந்தும் ஒவ்வொன்று எடுங்கள். சேர்ந்தால் ஒரு சொல்லாகிறதா, ஆனால் என்ன பொருள்? பால் எப்போதும் கடைசிச் சொல்லுடையது. ஹவ்ஸ் டஸ், ட்யூர் டீ, ஆகவே வீட்டுக் கதவான ஹவ்ஸ்ட்யூர் டீ.

சொல் கொஞ்சம் சேர்ந்த பிறகு 'டேகெஸ்ஸல்ஹென்' ஆடலாம். ஒரே வடிவம், இரண்டு பொருள் கொண்ட சொல்லை இரண்டு பேர் விவரிக்க, மற்றவர்கள் கண்டுபிடிப்பது. பிர்னெ என்றால் பேரிக்காய், மின்விளக்குக் குமிழும்கூட. பங்க் என்றால் அமரும் பலகை, வங்கியும். ஷ்லொஸ் என்றால் அரண்மனை, பூட்டும். "என்னுடையதைச் சாப்பிடலாம்", "என்னுடையது வெளிச்சம் தரும்" என்று இரண்டு குறிப்பு. தமிழில் 'மாலை'யையும் 'படி'யையும் வைத்து இப்படி ஆடியவர்களுக்கு விளக்கமே தேவையில்லை.

நிறங்கள் படித்த அன்று "இஹ் ஸேயெ வஸ், வஸ் டூ நிஹ்ட் ஸீஸ்ட், உன்ட் டஸ் இஸ்ட் ரோட்." நீ பார்க்காத ஒன்றை நான் பார்க்கிறேன், அது சிவப்பு. நிறச்சொல் இங்கே எந்த ஈறும் எடுக்காது என்பதால் தொடக்கக்காரருக்குத் தோதான ஆட்டம்.

எந்த நாளில் எது

ஒரே நாளில் இரண்டு ஆட்டத்துக்கு மேல் வேண்டாம். முதல் ஐந்து நிமிடம் லைட்னர் பெட்டி, அடுத்த பத்து நிமிடம் ஓர் ஆட்டம். முதல் வாரம் குறில்-நெடில், துணி மூடும் ஆட்டம், எண்கள். இரண்டாம் வாரம் மூன்று சுவரும் பெட்டி கட்டுவதும். மூன்றாம் வாரத்தில் தாயக்கட்டை, நான்காவதில் பட அட்டைகள். ஐந்தாவது வாரத்திலிருந்து எல்லாவற்றையும் கலந்துகொள்ளுங்கள். இன்னும் ஆடலாம் என்று தோன்றும்போதே நிறுத்திவிடுங்கள், மறுநாள் உட்கார மனம் வரும். நான்கு நாள் விட்டுப்போனால் புதுச் சொல் எடுக்காமல் பழைய அட்டைகளோடு மட்டும் இரண்டு நாள் ஆடுங்கள்.

கேட்பதற்கு ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டொய்ச்செ வெல்லெயின் இலவசப் பாடங்கள் ஏ1-லிருந்து இருக்கின்றன. ஆட்டம் பேச வைக்கும், ஆனால் ஜெர்மன் பேசாத இருவர் ஆடினால் இருவருடைய தப்பும் சேர்ந்து பழகிவிடும். அதனால் வாரம் இரண்டு முறையாவது ஒரு ஜெர்மானியர் குரலைக் கேட்டு, ஒரு வரி நிறுத்தி, அதேபோல் திருப்பிச் சொல்லுங்கள்.

மாதக் கடைசியில் அறிமுகத்துக்கான ஏழு குறிப்புகளையும் ஏழு அட்டையில் எழுதிக் கவிழ்த்து வையுங்கள். ஒன்றொன்றாகப் புரட்டி, புரட்டிய மூன்று நொடிக்குள் ஒரு முழு வாக்கியம். "இஹ் ஹைஸ்ஸெ…", "இஹ் கொம்மெ அவ்ஸ்…", "இஹ் வோனெ இன்…", "இஹ் ஷ்ப்ரெஹெ டாமில்." வாய் தயங்கிய அட்டைகளைத் தனியே எடுத்து வையுங்கள், நாளைய ஆட்டம் அவற்றோடு தொடங்கட்டும்.